டாக்டர் சீட்டுக்குத் துண்டு போட்டு வைக்க எந்த டிகிரி?

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பயோ-மேத்ஸ் குரூப், பிளஸ் டூவில் 600-க்கு 541, நீட்டில் 720-க்கு 338. தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் சீட் கிடைக்கிற மார்க் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், "இங்கே எல்லோரும் ஒரு டிகிரி முடித்துவிட்டுத்தான் மெடிக்கல் போகிறார்கள், அவளையும் ஏதாவது பிஎஸ்சி சேர்த்துவிடுங்கள்" என்கிறாராம். ஊரில் ஒரு கன்சல்டன்சிக்காரர், பிலிப்பைன்ஸில் பிஎஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதுதான் டாக்டர் ஆவதற்கு முதல் படி என்று சொல்லி 25,000 ரூபாய் முன்பணமும் பிள்ளையின் பாஸ்போர்ட்டும் வாங்கி வைத்திருக்கிறார். "எந்த டிகிரி சேர்த்தால் பின்னால் எம்பிபிஎஸ்ஸுக்கு உதவும்? கூடவே என் தங்கை மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டு இப்போது டாக்டர் ஆசையில் நிற்கிறான், அவனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள் ஐயா" என்று முடித்திருக்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் எம்பிபிஎஸ்ஸுக்கு முன்னால் படிக்கிற எந்த டிகிரிக்கும் அரை மார்க் கூடக் கிடையாது. விலங்கியலில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டு வந்தாலும் அதே 180 கேள்வி, அதே 720 மார்க், பக்கத்து பெஞ்சில் பிளஸ் டூ முடித்த பிள்ளை. பிஎஸ்சி முடித்தால் எம்பிபிஎஸ் இரண்டாம் வருஷத்தில் நேரே சேரலாம், பிடிஎஸ் முடித்தால் பிரிட்ஜ் கோர்ஸ் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அப்படி ஒரு கதவே இல்லை. முப்பது வருஷம் அரசுக் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான், என் பாடத்துக்கே ஆள் குறையும் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன்.

மைத்துனர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் நான்கு வருஷ டிகிரி, அதன் பிறகு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம்தான் நான்கு வருஷ மெடிக்கல். அங்கே டிகிரி எதில் என்பது கூடப் பெரிய விஷயமில்லை, வரலாறோ இசையோ படித்தவர்கள் கூட உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று கேட்கிற பாடங்களை மட்டும் தனியே முடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் இங்கே மூன்று வருஷம் பிஎஸ்சி படித்துவிட்டு அங்கே மெடிக்கலுக்கு மனுப் போட்டால் பெரும்பாலான கல்லூரிகள் அந்த மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காது. அங்கேயே படித்த பாடங்கள் வேண்டும் என்பார்கள், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுக்கிற கல்லூரிகளும் குறைச்சல். அந்த ஊர் வழி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. மைத்துனரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த பிலிப்பைன்ஸ்காரர் விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டில் இப்போது எரிகிற நெருப்பு இதுதான். அந்த நாட்டிலும் அமெரிக்கா மாதிரிதான், முதலில் ஒரு டிகிரி முடிக்க வேண்டும், பிறகு என்மேட் என்ற தேர்வு, அதன் பிறகு நான்கு வருஷ எம்டி, அங்கே நம் எம்பிபிஎஸ் மாதிரி அடிப்படை டாக்டர் படிப்புக்கே அந்தப் பெயர். நம் பிள்ளைகளுக்கு அந்த டிகிரியை ஒன்றரை இரண்டு வருஷமாகச் சுருக்கி பிஎஸ் என்று விற்கிறார்கள். இரண்டையும் கூட்டி 'ஆறு வருஷ டாக்டர் படிப்பு' என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். நம் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் போட்ட விதி என்ன சொல்கிறது தெரியுமா? வெளிநாட்டில் மருத்துவப் படிப்பு மட்டும் குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஒரே கல்லூரியில், ஆங்கிலத்தில். அதற்கு மேல் 12 மாதம் பயிற்சி, அதுவும் அங்கேயே. படித்த நாட்டில் அந்த நாட்டுக்காரருக்குச் சமமாக டாக்டர் தொழில் செய்யப் பதிவு கிடைக்க வேண்டும். நான்கு வருஷம் என்றால் 48 மாதம். பிஎஸ் மருத்துவப் படிப்பாகக் கணக்கில் வராது என்பதை ஆணையம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆக, ஆறு வருஷம் போன பிறகும் கையில் இருப்பது 48 மாதம்தான், குறைகிற ஆறு மாதத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும் திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வு எழுதி 300-க்கு 150 எடுக்க வேண்டும், பிறகு இங்கே இன்னொரு வருஷம் பயிற்சி. கன்சல்டன்சிக்காரர் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லியிருக்க மாட்டார். சொன்னாலும், "அதெல்லாம் நாங்களே கோச்சிங் கொடுத்துடுவோம் சார்" என்றிருப்பார்.

'இப்போது எம்டியையே நீட்டிவிட்டார்கள், 54 மாதம் ஆகிவிட்டது' என்று அவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். கல்லூரியின் லெட்டர்ஹெட்டில், எம்டி மட்டும் எத்தனை மாதம், பயிற்சி எங்கே, இந்தியப் பிள்ளைக்கு அங்கே தொழில் செய்யப் பதிவு கிடைக்குமா, இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்தோடு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற படம் கணக்கில்லை. நான் இப்படிக் கேட்கச் சொல்லி அனுப்பிய எத்தனையோ பெற்றோரில் ஒருவர் கூட அந்தக் கடிதத்தோடு திரும்பி வரவில்லை.

சரி, பிள்ளையை என்ன செய்வது?

நீட்டை ஒரு வருஷம் ரிப்பீட் செய்வதாக இருந்தால் டிகிரியில் சேர்க்காமல் செய்யுங்கள். இது பலருக்குக் கசக்கும். ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்பதற்காகவே எங்கேயாவது பிஎஸ்சி மைக்ரோபயாலஜியில் துண்டு போட்டு வைக்கிறீர்கள். கல்லூரியில் 75 சதவீத வருகைப்பதிவு கேட்பார்கள், ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல், அப்புறம் ஏப்ரல் மே மாதத்தில் செமஸ்டர் பரீட்சை. நீட் வருவதும் அதே மே முதல் வாரத்தில்தான். இரண்டு குதிரையில் கால் வைத்து அரியரோடு வந்து நின்ற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷ இடைவெளியால் எந்தக் கதவும் மூடாது, நீட்டுக்கு உச்ச வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள், எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இல்லை. அதற்காக நான்கு வருஷம் எழுதிக்கொண்டே இருக்கவும் கூடாது. 338-லிருந்து ஒரு வருஷ உழைப்பில் நூறு நூற்றைம்பது ஏறும் என்று அவளுக்கே நம்பிக்கை இருந்தால் ஒரு முறை. அவளுக்கு, உங்களுக்கு இல்லை. இதை அவளிடம் தனியாகக் கேளுங்கள், மாமா அத்தை எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் தலையை ஆட்டத்தான் செய்வாள்.

டிகிரிதான் என்றால், எம்பிபிஎஸ் கிடைக்கவே போவதில்லை என்று வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். 541 நல்ல மார்க். கால்நடை மருத்துவத்துக்கு இங்கே மாநில ஒதுக்கீட்டில் நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான், விண்ணப்பத் தேதி இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நர்சிங், பிசியோதெரபி எல்லாம் தனித் தொழில், பிடித்தால் சேரட்டும், டாக்டர் ஆகிறவரை காத்திருக்கிற இடமாக நினைத்துச் சேர்ந்தால் அவளும் கெடுவாள், அந்தச் சீட்டுக்கு ஏங்கிய இன்னொருத்தியும் கெடுவாள். 'நீட் இன்டகிரேட்டட் பிஎஸ்சி' என்று பெயர் வைத்து இரண்டு மடங்கு ஃபீஸ் வாங்குகிற இடங்கள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

எங்கே சேர்த்தாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு கவுன்சலிங்கில் கடைசிச் சுற்றில் சீட் வந்தது, ஒரு தனியார் கல்லூரி மூன்று வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் சர்டிபிகேட் தருவோம் என்று இழுத்தடித்தது, அந்த அப்பா நகையை அடகு வைத்து மீட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது, சரிபார்த்துவிட்டு ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. ஃபீஸும் அப்படித்தான். சேர்க்கைக்குக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் ஒரு சிறு கழிவு போக முழுப் பணம், கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில வருஷம் யுஜிசி தனிச் சுற்றறிக்கை விட்டு செப்டம்பர் கடைசி வரை முழுப் பணம் தரச் சொல்லும். இதில் கொடுமை என்னவென்றால் கலைக் கல்லூரி ஜூன் ஜூலையில் திறந்துவிடும், எம்பிபிஎஸ் கவுன்சலிங் சுற்றுச் சுற்றாக அக்டோபர் வரை இழுக்கும். இரண்டு தேதியையும் ஒரே காலண்டரில் வைத்துப் பார்க்க ஒரு அதிகாரிக்கும் நேரம் இல்லை, பெற்றவர்கள்தான் இரண்டு இடத்திலும் பணம் கட்ட வேண்டும்.

தங்கை மகன் விஷயம். அவனுக்கு வழி இருக்கிறது, ஆனால் முடிச்சு கொஞ்சம் பெரியது. கம்ப்யூட்டர் குரூப்பில் உயிரியல் கிடையாது, உயிரியல் இல்லாமல் நீட் எழுத முடியாது. முன்பெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருஷமும் பள்ளியில் தொடர்ந்து உயிரியல் படித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2023 நவம்பரில் மருத்துவ ஆணையம் அதைத் தளர்த்தியது. பிளஸ் டூ முடித்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலோ பயோடெக்னாலஜியோ கூடுதல் பாடமாக எழுதிப் பாஸ் செய்தாலும் நீட் எழுதலாம். அவனுக்கு இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே இந்த ஒரே பாடம்தான் பாக்கி. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும், செய்முறையும் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் எத்தனை மார்க் வேண்டும் என்பதை அந்த வருஷத்து நீட் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். இங்கேயும் புரோக்கர் வந்து நிற்பான். "பரீட்சைக்கே வர வேண்டாம் தம்பி, 30,000 கொடுத்தால் மார்க்ஷீட் வீட்டுக்கு வரும்" என்பான், கேள்விப்படாத ஒரு 'போர்டு' பெயர் சொல்வான். அந்த மார்க்ஷீட்டை வைத்து சீட் வாங்கிச் சேர்ந்தாலும் சரிபார்ப்பில் வெளியே வரும், சீட்டும் போகும், போலீஸ் வழக்கும் வரும். என்ஐஓஎஸ் இணையதளத்தில் பையனே உட்கார்ந்து விண்ணப்பிக்கலாம், பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இது கூட வராதா?

கடைசியாக அந்த 25,000. முதலில் பாஸ்போர்ட்டை வாங்குங்கள், பணம் பிறகு. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க எந்தக் கன்சல்டன்சிக்கும் உரிமை இல்லை. தனியாகப் போகாமல் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், நாளைக்கு வாருங்கள் என்றால் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் நேரே ஸ்டேஷன். பணத்துக்கு ரசீது இருக்கிறதா, ஜிபேயில் போட்டீர்களா, அதை எழுதவே இல்லையே. ஜிபே என்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.