கடன் கோப்பு ஆங்கிலத்துக்கு எந்த வகுப்பு?

வணக்கம். தமிழ் வழியில் பி.காம். முடித்துப் பெருங்குடியில் ஒரு வங்கியின் கடன் கோப்புப் பிரிவில் சேர்ந்திருப்பதாகவும், பேச்சு ஆங்கிலம் ஓரளவு வந்தாலும் அலுவலக மின்னஞ்சல்கள் பிடிபடவில்லை என்றும் எழுதி, தி.நகரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். உங்களுக்குத் தடையாக இருப்பது இலக்கணம் அன்று; தெரிந்த சொற்களே வங்கிக்குள் வேறு பொருளில் வருவதுதான்.

'அவுட்ஸ்டாண்டிங்' என்பது கடன் கணக்கில் இன்னும் அடைபடாமல் நிற்கும் மொத்தத் தொகை. 'ஓவர்டியூ' என்பது அதில் கெடு தாண்டிய பகுதி மட்டும். நான்கு லட்சம் ரூபாய் அவுட்ஸ்டாண்டிங் உள்ள கணக்கில் 12,000 ரூபாய்த் தவணை ஒன்று மட்டும் ஓவர்டியூவாக இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டையும் மாற்றி எழுதி, ஒழுங்காகக் கட்டிவந்த ஒருவருக்கு நினைவூட்டுக் கடிதம் போகக் காரணமானவன் நான். 'சாங்ஷன்' கடன் பிரிவில் ஒப்புதல். அந்நியச் செலாவணிப் பிரிவில் அதுவே பொருளாதாரத் தடையையும் குறிக்கும்.

ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் வாராக்கடன் குறித்த சுற்றறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தவணைக் கடனில் அசலோ வட்டியோ 90 நாள்களுக்கு மேல் ஓவர்டியூவாக இருந்தால் அது வாராக்கடன் என்னும் விதியை அந்த ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு, உங்கள் மேசையிலுள்ள கோப்பு ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய சொல்லைத் தனியாகக் குறிக்காமல், அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதிவையுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் கணக்கு எண்ணையும் மட்டும் விட்டுவிடுங்கள்.