புகைக்கறி இல்லாத கொலார்ட் கீரை: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலர் வீகன் உணவுக்கு (இறைச்சி, முட்டை, பால் என விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது) மாறிவருவதையொட்டி, அங்கு வாழும் நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் உணவியல் குழு பதிலளிக்கிறது.

என் மருமகள் கறுப்பினப் பெண். இப்போது வீகன் ஆகிவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் முட்டைக்கோஸ் இனத்துக் கொலார்ட் கீரையைப் புகையூட்டிய பன்றிக்கால் போட்டுத்தான் வேகவைப்பார்களாம். அது இல்லாமல் அந்த ருசியைக் கொண்டுவர முடியுமா? – வாசகி, அட்லாண்டா

முடியும். பன்றிக்கால் அந்தச் சட்டிக்குத் தருவது நான்கு: புகைமணம், உப்பு, கொழுப்பு, நாக்கில் தங்கும் ஆழ்ந்த சுவை. நான்குக்கும் தனித்தனியே மாற்று வேண்டும். பலர் புகைமணத்தை மட்டும் சேர்த்துவிட்டு, ‘சப்பென்று இருக்கிறது’ என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டு பவுண்டு கீரை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு மூன்று முறை அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் கீரையை மேலே தூக்கி எடுங்கள்; கீரையோடு சேர்த்துத் தண்ணீரைக் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேல்தான் விழும். நடுத்தண்டை உருவிவிட்டு, இலைகளை அடுக்கிச் சுருட்டி அரை அங்குலப் பட்டைகளாக நறுக்குங்கள். கனமான சட்டியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு பெரிய வெங்காயத்தைப் பன்னிரண்டு நிமிடமாவது வதக்க வேண்டும். ஓரம் நன்றாகச் சிவந்தால்தான் இறைச்சி கொடுத்த ஆழம் வரும். இந்த இடத்தில் அவசரம் கூடாது. பிறகு 5 பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி மிளகாய்ச் செதில், 1 தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகா (ஒருவகை மிளகாய்ப் பொடி). பாப்ரிகா அரை நிமிடத்துக்கு மேல் எண்ணெயில் நின்றால் கசக்கும். உடனே 4 கப் உப்பில்லாத காய்கறிச் சாறு, 1 மேசைக்கரண்டி உப்பு குறைந்த சோயா சாஸ், கீரை. மூடி போட்டு, சிறு தீயில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்.

இறக்கும்போதுதான் 1 மேசைக்கரண்டி ஆப்பிள் சிடர் வினிகர் விட வேண்டும். முதலிலேயே விட்டால் புளிப்பு இலையை மெத்தென்று வேகவிடாது, நிறமும் மங்கும். லிக்விட் ஸ்மோக் (புகைமணத் திரவம்) சேர்ப்பதானால் கால் தேக்கரண்டி போதும். அதற்கு மேல் போனால் சாம்பல் வாசனை அடிக்கும்.

சட்டியில் மிஞ்சும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதற்குப் ‘பாட் லிக்கர்’ என்றே பெயர். இலையிலிருந்து கரைந்த ஃபோலேட், வைட்டமின் சி, பொட்டாசியம் எல்லாம் அதில்தான். மக்காச்சோள ரொட்டியான கார்ன்பிரெட்டைத் தோய்த்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். உங்கள் மருமகளுக்கு அந்தக் கிண்ணத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

என் மருமகளின் அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார். அவரும் இந்தக் கீரையைச் சாப்பிடலாமா? – அதே வாசகி

சாப்பிடலாம், ஆனால் அளவு வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது. கொலார்டில் வைட்டமின் கே மிக அதிகம்; வார்ஃபரின் வேலைசெய்வது அந்த வைட்டமினுக்கு எதிராகத்தான். திடீரென்று தினமும் ஒரு கப் என்று தொடங்கினால் மருந்தின் வேகம் குறையும், திடீரென்று நிறுத்தினால் ரத்தக்கசிவு வரலாம். உணவுமுறையை மாற்றப்போவதை முதலில் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ளட்டும்.

கறுப்பினத்தவருக்கு இந்த வீகன் பழக்கம் புதிதாக வந்த நாகரிகம்தானே? – வாசகர், நியூ ஜெர்சி

இல்லை. தட்டைப்பயறும் வெண்டைக்காயும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு வந்தவை. தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்தோருக்குக் கிடைத்த இறைச்சி சொற்பம். கீரை, பயறு, மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைக் கொண்டே சமையலை வளர்த்தார்கள். கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டக் காலத்தில் நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி, அகிம்சை மனிதரோடு நிற்பதல்ல என்று சொல்லி இறைச்சியை விட்டார். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் தம் கடைசிப் பத்தாண்டில் வீகனாக வாழ்ந்தார். 2016-இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில், முழு வீகன் அல்லது சைவம் என்று சொன்ன அமெரிக்கர்கள் 3 சதவீதம். கறுப்பினத்தவரில் 8 சதவீதம்.

செவிலியர் படிப்பில் இருக்கிறேன். ரத்த அழுத்தம் குறைய வேண்டும் என்பதற்காகவே வீகனாக மாறிய கறுப்பினப் பெண்கள் சிலருக்கு அழுத்தம் குறையவே இல்லை. ஏன்? – வாசகி, சிகாகோ

முதலில் அவர்கள் வாங்கும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வயதுவந்த கறுப்பினப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது, ஆகவே இது சின்ன விஷயமில்லை. தாவர இறைச்சி பர்கர் வில்லை ஒன்றில் 350 மி.கி. சோடியம் சாதாரணம். பன், சாஸ், ஊறுகாய் சேர்ந்தால் ஒரு வேளையிலேயே ஆயிரத்தை நெருங்கும். அமெரிக்க இதயச் சங்கம் பெரும்பாலோருக்கு உகந்ததாகச் சொல்வது நாள் முழுதுக்கும் 1,500 மி.கி. ஒரு தேக்கரண்டி உப்பில் 2,300 இருக்கிறது. ‘வீகன்’ என்ற முத்திரை இறைச்சி இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. உப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

டப்பா பயறு வாங்கினால் வடிகட்டி, ஓடும் நீரில் அலசுங்கள். சோடியத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். உப்பு கலந்த மசாலாப் பொடிகளை விட்டு, பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி, தைம், கெய்ன் மிளகாய் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே கலந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. உப்புக்கு மாற்று என்று விற்பவை பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும், லிசினோபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மருந்து எடுத்தாலும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம். சிறுநீரகச் செயலிழப்பு கறுப்பினத்தவரிடம் அதிகம் என்பதால், பரிசோதனை செய்யாமல் அதைத் தொடவே கூடாது. அழுத்தம் குறையத் தொடங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் மாத்திரை அளவை மருத்துவர் திருத்த வேண்டும். அவர்களாக நிறுத்தக் கூடாது.

என் தோழி வீகனாகி மூன்று மாதத்தில் முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. பயோட்டின் (ஒருவகை பி வைட்டமின்) மாத்திரை வாங்கிவிட்டாள். சரியா? – வாசகி, டெட்ராய்ட்

மாத்திரையை விடுங்கள். முடி எங்கே உதிர்கிறது என்று பாருங்கள்.

தலை முழுக்கச் சீராக உதிர்ந்தால் உணவுக் காரணத்தைத் தேடலாம். சட்டென்று எடை குறைந்தாலோ புரதம் போதாவிட்டாலோ இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி காட்டிக்கொடுக்கும். சாலட்டும் பழச்சாறுமாக வாழ்பவர்களுக்கு இது நடக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்த தட்டைப்பயறு ஒரு கப்பில் 13 கிராம், பருப்பில் 18, சோயாப் பாலில் 7, இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயில் 7.

அடுத்தது இரும்பு. ஐம்பது வயதுக்குள் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி உண்டாகிறது. மாதவிடாயில் ரத்தம் மிகுதியாகப் போவதால் இரும்பு கரைகிறது. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மி.கி. தேவை, தாவர இரும்பு உடலில் குறைவாகவே சேர்வதால் வீகனுக்கு 32 மி.கி. என்று கணக்கிடுகிறார்கள். பருப்பு ஒரு கப்பில் 6.6. அதோடு குடைமிளகாய், தக்காளி, எலுமிச்சை என்று ஏதாவது வைட்டமின் சி இருக்க வேண்டும். காபி, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்த பிறகே இரும்பு மாத்திரை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம். எனவே இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபைப்ராய்டு இருந்து, மணிக்கு ஒரு பேட் நனைந்தால் அது கீரையால் தீராது. மகப்பேறு மருத்துவரிடம் போகட்டும்.

நெற்றியோரத்திலும் காதோரத்திலும் மட்டும் முடி குறைந்தால் அது உணவல்ல, இறுக்கிப் பின்னும் பின்னலும் ஒட்டுமுடியின் கனமும்தான் பெரும்பாலும் காரணம். உச்சியில் வட்டமாகப் பரவி, எரிச்சலோ வலியோ இருந்தால் தாமதிக்கவே வேண்டாம். கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படும் தழும்பு வகை உதிர்வாக அது இருக்கலாம். தழும்பு விழுந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது.

பயோட்டின் அளவுக்கு மேல் போனால் தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனை முடிவுகள் பொய்யாக வரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இலேயே எச்சரித்திருக்கிறது.

எந்தெந்த வைட்டமின் மாத்திரை கட்டாயம்? அரசின் ஸ்னாப் உணவு உதவியில் வாங்க முடியுமா? – வாசகி, பிலடெல்பியா

பி12 கட்டாயம், இதில் சமரசமே கிடையாது. தினத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் ஒரு வேளையில் குடல் முறையாக உறிஞ்சுவது 2 மைக்ரோகிராம் அளவுக்கே. மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். அதனால்தான் பி12-இன் மாத்திரை வடிவமான சயனோகோபாலமின் தினம் 50 மைக்ரோகிராம், அல்லது 1,000 வாரத்துக்கு இரண்டு முறை. கீரையும் பயறும் தரும் ஃபோலேட் ரத்தசோகையை மறைத்துவிடுவதால் பி12 குறைவு வெளியே தெரியாமல் நரம்பை அரிக்கும்; கால் மரத்துப்போகும்போது காலம் கடந்திருக்கலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

வைட்டமின் டி-யும் பாருங்கள். தோலின் மெலனின் வெயிலை மறைப்பதால் கருந்தோலில் அது மெதுவாகவே உருவாகும்; பிலடெல்பியாவின் குளிர்காலத்தில் எந்தத் தோலிலும் அநேகமாக உருவாகாது. 600 ஐ.யு. தினத் தேவை, 4,000 உச்ச வரம்பு. டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. லைக்கனிலிருந்து (பாறையிலும் மரத்திலும் படரும் பாசி போன்றது) எடுத்தது என்று குறித்திருந்தால் வீகன்.

ஸ்னாப் அட்டையில் ‘சப்ளிமென்ட் ஃபேக்ட்ஸ்’ என்று அச்சிட்ட எதையும் வாங்க முடியாது. ‘நியூட்ரிஷன் ஃபேக்ட்ஸ்’ அச்சிட்ட உணவுப்பொருள் வாங்கலாம். ஆகவே பி12 செறிவூட்டிய நியூட்ரிஷனல் ஈஸ்ட், சோயாப் பால் இரண்டும் அட்டையில் கிடைக்கும். ஈஸ்டில் செறிவூட்டாத வகையும் உண்டு, அதில் பி12 இல்லை. கர்ப்பிணிகளுக்கான விக் திட்டத்தில் டோஃபுவும் சோயாப் பாலும் கேட்டு வாங்கலாம். சோயாப் பால் அட்டைப்பெட்டியை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். கால்சியம் அடியில் படிந்துவிடும்.

‘அல்கலைன்’ (காரத்தன்மை) உணவும் சீ மாஸ் களியும் ரத்தத்தைச் சுத்தப்படுத்துமா? – வாசகர், ஹூஸ்டன்

படுத்தாது. நுரையீரலும் சிறுநீரகமும் ரத்தத்தின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் பிடித்துவைத்திருக்கின்றன. உணவால் அது நகராது. அல்கலைன் உணவைப் பரப்பிய, டாக்டர் செபி என்று அறியப்பட்ட ஆல்ஃபிரெடோ போமன் மருத்துவம் படித்தவர் அல்ல. இந்த அல்கலைன் உணவுப் பட்டியல்களால் வரும் உண்மையான கேடு, சோயாவையும் பெரும்பாலான பயறுகளையும் தள்ளிவைத்துப் புரதத்தைப் பறிப்பதுதான். சீ மாஸ் கடற்பாசி. அயோடின் அளவு தொகுதிக்குத் தொகுதி மாறும். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். அயோடின் கலந்த உப்பில் நாளுக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் அரைத் தேக்கரண்டியில் அநேகமாகக் கிடைத்துவிடும்.

முட்டை, மோர் இல்லாமல் செய்த கார்ன்பிரெட் மணல்போல் உதிர்கிறது. – வாசகி, சார்லட்

பிணைப்பு போதவில்லை. 1 மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் விடுங்கள், கொழகொழப்பாகும். ஒன்றேகால் கப் சோயாப் பாலில் 1 மேசைக்கரண்டி வினிகர் விட்டால் திரிந்து மோர்போல் ஆகும். பாதாம் பாலில் புரதம் குறைவு, இப்படித் திரியாது. மக்காச்சோள மாவும் (கார்ன்மீல்) மைதாவும் ஒவ்வொரு கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் கால் கப். வார்ப்பிரும்பு வாணலியை எண்ணெய் தடவி 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சூடாக்கி, மாவை ஊற்றும்போது ‘சொய்ங்’ என்று சத்தம் வர வேண்டும். 22 நிமிடம். ஆறுமுன் வெட்டினாலும் உதிரும்.

ஸ்லோ குக்கரில் சிவப்பு பீன்ஸ் வேகவைத்துச் சோற்றோடு சாப்பிட்டதும் எல்லோருக்கும் வாந்தி. கெட்டுப்போன பீன்ஸா? – வாசகர், நியூ ஆர்லியன்ஸ்

கெட்டுப்போனதல்ல, சரியாக வேகாதது. சிவப்பு கிட்னி பீன்ஸில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது அழியாது. அரைவேக்காட்டில் பச்சையை விட வீரியமாகவும் ஆகலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். டப்பா பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது, நேரடியாகப் போடலாம்.