நியூ ஆர்லியன்ஸில் மூன்று நாள்: என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, எங்கே இசை கேட்பது?

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், அம்மா சைவம், அப்பா எதையும் ஒரு கை பார்ப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஹூஸ்டனில் இருப்பவன். நியூ ஆர்லியன்ஸ் காரில் ஐந்தாறு மணி நேரம்தான் என்பதால் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது.

முதலில் ஒன்று. இந்த ஊருக்குப் பகலை வைத்துத் திட்டம் போடாதீர்கள். ராத்திரி எங்கே இசை கேட்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஊரைப் பாருங்கள். மத்தியானம் ஒரு தூக்கம் போட்டே ஆக வேண்டும், பெரியவர்கள் கூட இருந்தால் இன்னும் கட்டாயம்.

எல்லாரும் முதலில் ஓடுவது போர்பன் தெருவுக்கு. சாயங்காலம் இருட்டுவதற்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், போதும். அதற்குப் பிறகு அங்கே குடியும் கூச்சலும்தான். "உங்கள் ஷூ எங்கே கிடைத்தது என்று சொல்லட்டுமா, பந்தயம்?" என்று ஒருவர் வருவார். பதில் வெறும் வார்த்தை விளையாட்டு, போவது உங்கள் காசு. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

அப்பா அம்மாவோடு போக வேண்டிய இடம் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் இசை அரங்கம். செயின்ட் பீட்டர் தெருவில் 1961 முதல் நடக்கிறது. மதுவும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. பழைய சுவர், நாலைந்து மர பெஞ்சு, ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். மைக் வைத்து அலற விடுவதில்லை. டிராம்போன்காரர் கையை நீட்டினால் முன்வரிசையில் இருப்பவர் முழங்காலில் இடிக்கும்போல இருக்கும், அத்தனை பக்கம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். உட்காரும் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மா நின்றுகொண்டே கேட்க வேண்டியிருக்கும். நடுவில் போனைத் தூக்கிப் படம் எடுக்க விடமாட்டார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும்.

இன்னொரு ராத்திரி ஃப்ரெஞ்ச்மன் தெரு. உள்ளூர்க்காரர்களும் இசை கேட்க வருவது இங்கேதான். ஸ்பாட்டட் கேட், டி.பி.ஏ. போன்ற கிளப்கள் அடுத்தடுத்து இருக்கும். உட்கார்ந்து நிதானமாகக் கேட்க ஸ்னக் ஹார்பர். பல இடங்களில் இருபத்தொரு வயது ஆகாதவர்களை விடமாட்டார்கள். டிப்ஸ் பக்கெட் சுற்றி வரும்போது தாராளமாகப் போடுங்கள், வாசிப்பவர்களுக்கு அதுதான் வருமானம். தெருமுனையிலேயே பிராஸ் பேண்ட் பையன்கள் பிய்த்து உதறுவதும் உண்டு. அன்றைக்கு யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று தெரிய டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். என்ற உள்ளூர் வானொலியின் தளத்தைப் பாருங்கள், பட்டியல் இருக்கும்.

சரி, சாப்பாடு. காலையில் கஃபே டு மோண்ட். 1862-இலிருந்து இருக்கும் கடை. பென்யே என்று சதுரமாக, உப்பலாகப் பொரித்து மூன்று மூன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள், மேலே சர்க்கரைப் பொடியைக் குன்றாகக் கொட்டி. கறுப்புச் சட்டை வேண்டாம். வாய்ப் பக்கத்தில் கொண்டுபோகும்போது மூச்சை இழுத்தால் பொடி தொண்டைக்குள் போய் இருமல்தான். கூடவே சிக்கரி கலந்த காபி, பாதிக்குப் பாதி சூடான பால் ஊற்றி. நம்ம ஊர் ஃபில்டர் காபி நாக்குக்கு அமெரிக்காவில் இத்தனை நெருக்கமான காபியை நான் வேறெங்கும் குடித்ததில்லை.

அப்பாவுக்கு கம்போ என்ற கெட்டிக் குழம்பு வாங்கிக் கொடுங்கள். மாவை எண்ணெயில் போட்டுச் சாக்லேட் நிறம் வரும்வரை கிளறிக்கொண்டே இருப்பார்கள், ஒரு நிமிஷம் விட்டால் கருகிவிடும். அந்த முறை பிரெஞ்சுக்காரர்களுடையது. அதில் போடும் வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, சாஸஃப்ராஸ் இலைப் பொடி சாக்டா பழங்குடி மக்கள் தந்தது. இறால், நண்டு, சாசேஜ் எல்லாம் போட்டுச் சோற்றோடு தருவார்கள். டூக்கி சேஸ் உணவகத்தில் சாப்பிட்டால் நல்லது. 1941-இல் தொடங்கியது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது சட்டப்படி குற்றமாக இருந்த நாளில், உரிமைப் போராட்டக்காரர்கள் இதன் மாடியில் கூடிப் பேசியிருக்கிறார்கள்.

அம்மா பாடுதான் கஷ்டம். திங்கட்கிழமை விசேஷமான சிவப்பு பீன்ஸ் சோறு பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், பன்றி இறைச்சி போட்டு வேகவைத்திருப்பார்கள். கீரையிலும் அதே கதை. உருளைக்கிழங்கு வறுவல் வைத்த போ-பாய் சாண்ட்விச் சில கடைகளில் கிடைக்கும், ஆனால் மேலே ஊற்றும் கிரேவி மாட்டிறைச்சியில் செய்தது. "கிரேவி வேண்டாம்" என்று ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். தங்கும் இடத்தில் சின்னக் கிச்சன் இருந்தால் ரைஸ் குக்கரை எடுத்துப் போவதே புத்திசாலித்தனம்.

பகலில் பெரிதாக அலைய வேண்டாம். செயின்ட் சார்ல்ஸ் டிராமில் ஏறி உட்காருங்கள், 1835-இல் தொடங்கிய தடம் அது. ஏசி கிடையாது, ஜன்னலைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஓக் மரங்களும் பெரிய பெரிய வீடுகளும் வரிசையாக வரும். மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வீசிய மணிமாலைகள் கிளைகளில் இன்னும் தொங்கும். இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் அப்பாவுக்குப் பிடித்தால் அரை நாள் போய்விடும்.

காங்கோ ஸ்கொயரை விட்டுவிடாதீர்கள். ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் கல் பாவிய வெற்றிடம், பார்க்க ஒன்றுமே இருக்காது. அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முரசடித்து ஆட அனுமதிக்கப்பட்ட இடம் இது. முந்தின ராத்திரி கேட்ட தாளத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஒரு மணி நேரம் காரில் போகத் தயாரென்றால் விட்னி தோட்டம், அடிமைகளை வைத்து நடத்திய பழைய பண்ணை. மற்ற தோட்டங்களில் எஜமானர் மாளிகையைக் காட்டுவார்கள், இங்கே அடிமைகளின் கதையைச் சொல்கிறார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், புழுக்கம் ஆளைக் கொல்லும், புயல் காலமும்கூட. மார்ச், ஏப்ரல் நல்லது, கிராஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகை கிடைக்கும் பருவமும் அதுதான். அப்புறம், ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சுக் குவாட்டரில் பார்க்கிங் கட்டணம் எகிறும், காரில் பையை விட்டுவைப்பதும் ஆபத்து. டிராம் தடத்துக்குப் பக்கத்தில் ரூம் போட்டு, காரை அங்கேயே விட்டுவிடுங்கள்.