எட்டுப் பேர், 300 வெள்ளி, ஒரு நாடகம்

யீஷூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் சமூக மன்றத்தில் எட்டுப் பேர் சேர்ந்து நாடகக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறோம். ஆறு பேர் வேலைக்குப் போகிறவர்கள், இருவர் தொடக்கக்கல்லூரி மாணவர்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழாவை ஒட்டி அரை மணி நேர நாடகம் போட ஆசை. கையில் 300 வெள்ளி இருக்கிறது. விலை குறைந்த நாடகப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? ஒன்றை வாங்கி எட்டு நகல் எடுத்துக்கொள்ளலாமா?"

நகல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். காப்புரிமை உள்ள புத்தகத்தை முழுதாக நகலெடுக்கக் கூடாது. அதைவிடப் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கடையில் காசு கொடுத்து எட்டுப் பிரதி வாங்கினாலும், அதை மேடையில் போடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. வாங்கியது படிக்க மட்டும்தான். ஆங்கில நாடகங்களுக்கு, நடிப்பதற்கென்றே பதிப்புகள் போட்டு, ஒரு தடவை மேடையேற்ற இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. தமிழில் அப்படி ஒரு வழக்கம் வேரூன்றவில்லை. ஆசிரியரிடமோ குடும்பத்தாரிடமோ பதிப்பகத்திடமோ நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால் 'மலிவான நாடகம்' என்றால் விலை குறைந்த புத்தகம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. உரிமைச் சிக்கல் இல்லாததும், உங்கள் ஆள்பலத்துக்குள் அடங்குவதுமே மலிவு.

பட்டுத் தெரிந்துகொண்டதுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு நாடகத்தின் பெயரை மட்டும் கேள்விப்பட்டு, சென்னையிலிருந்து பத்துப் பிரதி வரவழைத்தேன். புத்தக விலையைவிட அஞ்சல் செலவு அதிகம். பிரித்துப் பார்த்தால் பதினான்கு பாத்திரங்கள், அதில் ஒருவர் யானைப்பாகன். நாங்கள் இருந்ததோ ஆறு பேர்!

சிங்கப்பூர்ச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கும். இந்தியாவில் 60 ஆண்டு. இந்தக் கணக்கில் சங்கரதாஸ் சுவாமிகள் (1922-இல் மறைந்தார்), பரிதிமாற் கலைஞர் (1903), 'மனோன்மணீயம்' எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை (1897) ஆகியோரின் படைப்புகள் எங்கும் பொதுச்சொத்து. அச்சடிக்கலாம், வெட்டலாம், மாற்றலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் குழுவுக்கு இவற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'மனோன்மணீயம்' செய்யுள் நாடகம். சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' பாடத் தெரிந்தவர்களுக்கு உரியது. சுருதி பிடிக்க ஆளில்லாமல் அதைத் தொட்டால் கேலிக்கூத்தாகிவிடும்.

உங்களுக்கு நான் கைகாட்டுவது பம்மல் சம்பந்த முதலியாரை. அவர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் நடிக்க வந்தவர்களுக்காகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். உங்கள் ஆறு பேரும் அந்த ரகம்தானே! பாட்டுக்குப் பதில் வசனத்தை நம்பி எழுதியவர் என்பதால் பாடத் தெரியாதவர்களும் துணிந்து இறங்கலாம். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்', மாக்பெத்தை 'மகபதி' என்று தமிழாக்கியதும் அவர்தான். உங்களுக்கு அவையெல்லாம் பெரிய சுமை. 'சபாபதி'யைப் பாருங்கள். மண்டு எஜமானுக்கும் அவனைவிட மண்டுவான வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். அந்தக் குழப்பத்திலேயே பாதிச் சிரிப்பு விளைந்துவிடும். அதிலிருந்து இரண்டு மூன்று காட்சிகளைப் பிரித்தெடுத்தால் அரை மணி நேரம் தேறும்.

முதலியார் மறைந்தது 1964-இல். 70 ஆண்டுக் கணக்கில் இங்கே இன்னும் காலம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தமிழ்நாடு அரசு ஆசிரியரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை யாரும் பயன்படுத்தும்படி நாட்டுடைமை ஆக்குகிறதல்லவா, அந்தப் பட்டியலில் இவரும் இருக்கிறார். அறிஞர் அண்ணாவும் இருக்கிறார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களை இலவசமாகப் படிக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: நாடகம் பொதுவாகிவிட்டது என்பதற்காக, அதை வைத்து எடுத்த படத்தின் வசனமும் பொதுவாகிவிடாது. முதலியாரின் 'மனோகரா' நாடகம் வேறு, 1954-இல் வந்த படத்தின் வசனம் வேறு. யூடியூபில் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பழசே வேண்டாம், நம்ம ஊர் வாசனை வேண்டும் என்று அந்த இரண்டு மாணவர்களும் சொல்லக்கூடும். நியாயம்தான். அப்படியானால் புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' இருக்கிறது. வானொலித் தொடராக ஒலித்துப் பிறகு நூலானது. கதை நடப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில். காதால் கேட்க எழுதிய நாடகம் என்பதால் பெரிய மேடை அமைப்பைக் கேட்காது. நான்கு நாற்காலியும் ஒரு கதவும் போதும். இதற்கு அனுமதி வாங்கித்தான் ஆகவேண்டும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் சிங்கப்பூர்த் தமிழ் நாடக நூல்களைத் தேடலாம். மேற்கோள் பிரிவில் இருப்பதை இரவல் தரமாட்டார்கள் என்பதால் அங்கேயே உட்கார்ந்து படிக்கும்படி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். புத்தகம் வாங்குவதற்கு முன் இந்த ஒரு நடை போய்வந்தால் என்னைப் போல யானைப்பாகனைத் தேட வேண்டியிராது.

அனுமதிக் கடிதம் என்றதும் பலர் தயங்குகிறார்கள். பதில் வராது, வந்தாலும் பெரிய தொகை கேட்பார்கள் என்று பயம். என் அனுபவத்தில் எழுத்தாளர்களுக்குக் கோபம் வருவது கேட்காமல் போட்டதால்தான், காசு கொடுக்காததால் அல்ல. கடிதத்தில் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, வணக்கம். நாங்கள் எட்டுப் பேர் கொண்ட பொழுதுபோக்கு நாடகக் குழு. தங்கள் நாடகத்தை இந்தத் தேதியில், இத்தனை இருக்கைகள் கொண்ட அரங்கில், ஒரே ஒரு முறை மேடையேற்ற விரும்புகிறோம். நுழைவு இலவசம். நேரம் கருதி மூன்றாம் காட்சியைச் சுருக்க எண்ணுகிறோம். சுருக்கிய வடிவத்தை இணைத்திருக்கிறோம். காணொளியை இணையத்தில் ஏற்றமாட்டோம். எங்களால் இயன்ற சிறு காணிக்கை 80 வெள்ளி."

காணொளி வரியை விட்டுவிடாதீர்கள். மேடைக்குக் கிடைத்த அனுமதி ஃபேஸ்புக் நேரலைக்குச் செல்லாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஆசிரியர் பெயரை அறிவிப்பிலும் அழைப்பிதழிலும் போடுவதும் வெறும் மரியாதைக்காக அல்ல. 2021-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், படைப்பாளியின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்பதை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுமக்கள் பார்க்கும் நாடகத்துக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலைப் பொழுதுபோக்கு உரிமம் தேவைப்படலாம். பிரதியையும் கேட்பார்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு விலக்கு உண்டா என்று மன்ற அலுவலகத்தில் விசாரியுங்கள். இடையில் சினிமாப் பாட்டு ஒலிக்கவிடுவதாக இருந்தால் இசைப் படைப்பாளிகளின் உரிமையைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பின் உரிமம் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். உங்களில் யாராவது மிருதங்கம் வாசிப்பவராக இருந்தால் அந்தத் தொல்லையே வேண்டாம். மதம், இனம் தொட்ட பழைய வசனங்கள் சில அந்தக் காலத்தில் கைதட்டு வாங்கியிருக்கும். இங்கே பல்லினக் கூட்டத்தின் முன் எப்படிக் கேட்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

பிரதி முடிவானதும், காப்புரிமை உள்ளதென்றால் அனுமதியும் கிடைத்ததும், அதை அப்படியே நகலெடுக்காமல் தட்டச்சு செய்யுங்கள். பொதுச்சொத்தில் உள்ள நாடகமென்றால் மொழியையும் இறக்கிவிடலாம். "நீ இவ்வளவு நேரம் எங்கே சென்றிருந்தாய்?" என்று இருந்தால் "எங்கடா போயிருந்தே இவ்வளவு நேரம்?" என்று ஆக்குங்கள். அந்தத் தொடக்கக்கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாக்கு புரளும். எழுத்து பெரிதாக, தாளின் ஒரு பக்கம் மட்டும். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் 'இங்கே எழு', 'கதவுப் பக்கம் திரும்பு' என்று பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். கைப்பேசியைப் பார்த்து ஒத்திகை செய்கிறவர் தலை நிமிர்வதே இல்லை. புளோக்கின் கீழே உட்கார்ந்து ஒத்திகை பார்த்த எங்கள் குழுவில், ஒருவர் வாட்ஸாப் செய்தியையே வசனம் என்று நினைத்துப் படித்துவிட்டார்.

முதல் சந்திப்பில் பாத்திரங்களைப் பங்கிடாதீர்கள். வட்டமாக உட்கார்ந்து மாறி மாறி வாய்விட்டுப் படியுங்கள், ஒருவர் நேரம் பார்க்கட்டும். உட்கார்ந்து படித்தே முப்பது நிமிடம் ஆகிவிட்டால், நடமாட்டமும் சிரிப்பும் சேர்ந்து மேடையில் நாற்பதைத் தொடும். எதை வெட்டுவது என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டு அதன்பிறகு அனுமதிக் கடிதத்தை அனுப்புங்கள்.