வலிப்பு மாத்திரையும் ஃபோலிக் அமிலமும்

கேள்வி: வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. ஃபோலிக் அமிலத்தை நாள் தள்ளிப்போன பிறகு ஆரம்பித்தால் போதாதா?

பதில்: போதாதும்மா. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் தண்டுவடக் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும்; நாள் தள்ளியது தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும். கருத்தரிக்க மூன்று மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை தொடருங்கள். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு நம் ஊரில் வழக்கமாகத் தருவது தினம் 5 மில்லிகிராம். அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் 0.5 மில்லிகிராம் மட்டுமே. ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் வயிற்றுக் குழந்தைக்கு வால்ப்ரோயேட்டால் வரும் ஆபத்தை ஃபோலிக் அமிலம் முழுதாக நீக்காது. கர்ப்பத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் லெவிடிராசிட்டம், லாமோட்ரிஜின் போன்ற மாற்று வலிப்பு மருந்துகள் பற்றிக் கேளுங்கள். மாற்றிச் சரிபார்க்கப் பல மாதம் பிடிக்கும். அதுவரை கருத்தடை அவசியம். நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் தொடர்வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.