ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம்

பீரியட்ஸ் நேரத்துல வலி இருக்கு, ஆனா ஸ்கேன் நார்மல், அப்போ எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்வரி மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது) இல்லதானேன்னு கேட்டு போஸ்ட் போட்டிருந்தீங்க. ஸ்கேன் நார்மல்னா அது இல்லன்னு முடிவு பண்ண முடியாது. சாக்லேட் சிஸ்ட் (இதனால சினைப்பையில வர்ற, பழைய ரத்தம் நிறைஞ்ச கட்டி) இருந்தா ஸ்கேன்ல தெரியும், ஆனா வயித்து உள்சவ்வுல மெல்லிசா ஒட்டியிருக்கறது பெரும்பாலும் தெரியவே தெரியாது.

உங்களுக்கு கல்யாணம் ஆகலன்னு போட்டிருக்கீங்க, அதனால பிறப்புறுப்பு வழியா எடுக்காம, தண்ணி குடிக்கவச்சு வயித்து மேல மட்டும்தான் ஸ்கேன் எடுத்திருப்பாங்க, இதுல ஆழமா இருக்கறது சுலபமா தப்பிடும். எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு கேளுங்க, அதுவும் நார்மல்னு வந்தா கூட சந்தேகம் போயிடாது. சிஏ 125 ரத்த டெஸ்ட்டுக்கு காசு செலவு பண்ணாதீங்க, அத வச்சு இத கண்டுபிடிக்க முடியாது.

பீரியட்ஸ் நேரத்துல மோஷன் போறப்போ வலிக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதத்தான் டாக்டர்கிட்ட முதல்ல சொல்லணும். ரெண்டு மாசம் நோட் பண்ணுங்க: எந்த நாள், பத்துக்கு எவ்வளவு வலி, யூரின் போறப்போ வலி உண்டா, மெஃப்டால் (வலி மாத்திரை) கேட்டுச்சா, வேலைக்கு லீவு போட்டீங்களா. லேப்ராஸ்கோபி (வயித்துல சின்ன துளை போட்டு கேமராவால பாக்குற ஆபரேஷன்) செய்யுற, எண்டோமெட்ரியோசிஸ் பாக்குற கைனகாலஜிஸ்ட்கிட்ட அத காட்டுங்க. "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு சொன்னாங்களாமே, அது ட்ரீட்மென்ட்டே இல்ல, வேற டாக்டர பாருங்க.

ஆபரேஷன் பண்ணி உறுதி பண்ணாத்தான் மருந்துன்னு இல்ல, 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல் படியே அறிகுறிய வச்சு ஹார்மோன் மாத்திரை ஆரம்பிக்கலாம். இங்க டையனோஜெஸ்ட்ங்கற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி. நிறைய பேருக்கு தர்றாங்க. ஆரம்ப மாசங்கள்ல விட்டு விட்டு ப்ளீடிங் வரும், பயந்து நீங்களா நிறுத்தாதீங்க. ஆனா மனசு ரொம்ப சோர்ந்து போனா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரையில வலி குறைஞ்சாலும் அதனால மட்டும் இதுதான்னு உறுதியாயிடாது, சாதாரண பீரியட்ஸ் வலியும் அதுல குறையும்.

திடீர்னு தாங்க முடியாத வலி, காய்ச்சல், மயக்கம் வந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க.