விண்டோஸை மறுபடி போடும் முன் ராமைச் சோதியுங்கள்

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். சிபியு ரைசன் 5 7600, ராம் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்5-6000. இரண்டு நாளுக்கு ஒருமுறை நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸை மறுபடி போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நான் முதலில் சந்தேகப்படுவது ராமைத்தான். அது தவறு செய்து நீலத்திரை வந்தால்கூட நல்லது, கோளாறு இருப்பதாவது தெரியும். பல நேரம் காப்பி ஆகும் ஃபைலைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். விண்டோஸை மறுபடி போட்டாலும் அதன் ஃபைல்கள் இதே ராம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். குடும்பப் போட்டோக்களை இதில் ஏற்றியிருந்தால் பழைய பிரதியைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருள் இலவசம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். நான்கு சுற்றாவது முடியட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள்.

பிழை வந்தால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்போவை, அதாவது ராமை அதன்மேல் போட்டிருக்கும் 6000 வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை, அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். இந்த சிபியுவுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ராம் வேகம் 5200 வரைதான். 6000 என்பது ஓவர்கிளாக், அந்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. எக்ஸ்போ இல்லாமல் சுத்தமாக ஓடினால் பயாஸை அப்டேட் செய்து எக்ஸ்போவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பிழை வந்தால் 5600-க்கு இறக்குங்கள், அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. எக்ஸ்போ இல்லாமலே பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிச் சோதியுங்கள். ஒரு ஸ்டிக்கில் மட்டும் பிழை வந்தால் அதுதான் பழுது. இரண்டிலும் வந்தால் ஸ்லாட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். மதர்போர்டோ சிபியுவோ காரணமாக இருக்கலாம். ராமை மாற்றியபின் முதல் பூட்டில் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. பயந்து பவரை அணைத்துவிடாதீர்கள்.

ராம் தேறிவிட்டதா? சரி, அடுத்தது சிபியுவைச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள், அதில் பிளெண்ட் சோதனை, சில மணி நேரம். விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் போடுவதால், சிபியு தப்பாகக் கணக்கிட்டால் உடனே பிடித்துவிடும். வெப்பநிலை 95 டிகிரியைத் தொட்டால் பதற வேண்டாம், இந்தச் சிப்புக்கு வகுத்த எல்லையே அதுதான். அப்புறம் கனமான கேம் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நீலத்திரைகூட வராமல் பட்டென்று பவர் போனால் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கம் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருப்பதை மட்டும் வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. 'வியா-லாகர்' (WHEA-Logger) என்ற பதிவு இருந்தால்தான் ஹார்ட்வேர் பிழைக்குத் துப்பு.

மெம்டெஸ்ட்டில் சிவப்பு வரிகள் வந்தால் உடனே போட்டோ எடுங்கள். எக்ஸ்போ அணைந்த நிலையில் எடுத்த போட்டோவையும் பில்லையும் காட்டினால், ராமை மாற்றித் தராமல் கடைக்காரர் தட்டிக்கழிப்பது கஷ்டம்.